கம்ப்யூட்டர் துணையுடன் கிடார்: ப்ளூஸ் இசைக்கு ஆறாம் கார்ட்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் அதில் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கேம் விளையாடுகிறோம். ஒலியைப் பொறுத்தவரை கம்ப்யூட்டரை ஒரு டேப் ரெக்கார்டர் போலத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதே கம்ப்யூட்டர் ஒலியை உருவாக்கும், அளக்கும், சுருதி மாறாமல் மெதுவாக்கும், நாம் வாசிப்பதைப் பதிவு செய்து நமக்கே திருப்பிக் காட்டும். ஒரு வாத்தியம் கற்றுக் கொள்பவருக்கு இந்த நான்கும் போதும்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. அண்ணா சாலையில் 1842ல் தொடங்கப்பட்ட மியூஸி மியூசிக்கல் முதல் தெருமுனை வகுப்பு வரை கிடார் கற்க வழிகள் உண்டு. காரைக்குடிப் பக்கம் கண்டரமாணிக்கம் போன்ற ஒரு செட்டிநாட்டு ஊரில் இருப்பவர் என்ன செய்வது? பிறந்த நாளுக்கு வாங்கித் தந்த அக்கூஸ்டிக் கிடார் இரண்டு மாதம் கையில் இருக்கும். மூன்றாவது மாதம் பீரோவுக்கு மேலே ஏறிவிடும். சொல்லித் தர ஆள் இல்லை, தவறைச் சுட்டிக் காட்டவும் ஆள் இல்லை என்பதுதான் காரணம். அந்த இரண்டாவது குறையைக் கம்ப்யூட்டரால் பெருமளவு தீர்க்க முடியும். எப்படி என்பதை ஒரு குறிப்பிட்ட பாடத்தை வைத்தே பார்ப்போம். பாடம்: ப்ளூஸ் இசைக்கு ஆறாம் கார்ட்.

கார்ட் என்றதும் சவுண்ட் கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு என்று நினைக்க வேண்டாம். சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்தால் அதற்குப் பெயர் கார்ட்.

ஏன் ப்ளூஸ்? ஏன் ஆறாம் கார்ட்?

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக மிசிசிப்பி பகுதியில், பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. 1936, 1937 ஆண்டுகளில் 29 பாடல்களை மட்டுமே பதிவு செய்த ராபர்ட் ஜான்சனை இன்றும் கிடார் கலைஞர்கள் படிக்கிறார்கள். நம் நாட்டிலும் ப்ளூஸுக்கு இடம் உண்டு. ஷில்லாங்கில் 2003ல் உருவான ‘சோல்மேட்’ குழு ப்ளூஸையே முழுநேரமாக வாசித்தது. மும்பையில் 2011ல் மஹிந்திரா ப்ளூஸ் விழா தொடங்கியது. விஸ்வ மோகன் பட் தன் மோகன வீணையுடன் அமெரிக்க ப்ளூஸ் கிடார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து வாசித்த ஆல்பம் 1994ல் கிராமி விருது பெற்றது. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் பொறியியல் படித்தவர். பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தார். கர்நாடக இசையைக் கிடாரில் வாசிக்கும் இவர், ராக் மற்றும் ப்ளூஸ் கிடார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006ல் ஓர் ஆல்பமே வெளியிட்டார்.

வெளிநாட்டு வாத்தியம் நம் ஊருக்கு ஒத்து வருமா என்று கேட்பவர்களுக்கு, கண்டரமாணிக்கத்துக்கு அருகில் உள்ள குன்றக்குடியைக் காட்டலாம். அங்கே 1935ல் பிறந்த குன்னக்குடி வைத்தியநாதன் கையில் வயலின் பேசியது எந்த ஊர் மொழி என்று கேட்டவர்களுக்குத் தெரியும். வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான்.

ஆறாம் கார்டைத் தேர்ந்தெடுத்ததற்கு வசதியும் ஒரு காரணம். புதியவர்கள் கிடாரைக் கைவிடுவது பெரும்பாலும் ஆறு கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்த வேண்டிய ‘பார்’ கார்டுகளில்தான். இந்தப் பாடத்தின் முதல் கார்டில் நான்கு கம்பிகளை மட்டும் அழுத்தினால் போதும்.

ராகம் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி விளக்கம்

மேஜர் கார்ட் என்பது ஸ, அந்தர காந்தாரம், ப ஆகிய மூன்று ஸ்வரங்கள். அதனுடன் சதுஸ்ருதி தைவதத்தைச் சேர்த்தால் ஆறாம் கார்ட். மேஜர் ஸ்கேலில் ‘த’ ஆறாவது ஸ்வரம் என்பதால் இந்தப் பெயர். மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில் ரிஷபத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்ற நான்கையும் ஒன்றாக மீட்டினால் அதுதான் ஆறாம் கார்ட்!

தைவதத்துக்குப் பதில் கைசிகி நிஷாதம் சேர்த்தால் அது ஏழாம் கார்ட். ப்ளூஸில் இந்த இரண்டும் மாறி மாறி வரும். இரண்டின் ஸ்வரங்களையும் சேர்த்துப் பாருங்கள்: ஸ, க, ப, த, நி. வலஜி ராகத்தின் ஸ்வரங்கள்! ராகம் என்பது வெறும் ஸ்வரப் பட்டியல் அல்ல, கமகமும் சஞ்சாரமும் சேர்ந்தது என்பது உண்மைதான். ஆனாலும் வலஜி கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்த பாடம்.

இரண்டுக்கும் குணத்தில் வேறுபாடு உண்டு. ஏழாம் கார்டில் காந்தாரத்துக்கும் நிஷாதத்துக்கும் இடையே ஆறு அரைச்சுரம், அதாவது சரியாகப் பாதி ஸ்தாயி. இந்த இடைவெளி காதுக்கு உறுத்தலாக இருக்கும். அடுத்த கார்டுக்குப் போகச் சொல்லி இழுக்கும். ஆறாம் கார்டில் காந்தாரத்துக்கும் தைவதத்துக்கும் இடையே ஐந்து அரைச்சுரம்தான். அதில் அந்த உறுத்தல் இல்லை. நின்று இளைப்பாறும் ஒலி.

தேவையான மென்பொருள்

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறோம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000ல் வெளியான இது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். பிரபலமான இலவச மென்பொருள்களை வேறு தளங்களில் இறக்கினால் கூடவே வேண்டாத விளம்பர மென்பொருள்களும் வந்து ஒட்டிக் கொள்ளும். இங்கே தந்துள்ள மெனு பெயர்கள் ஆடாசிட்டியின் மூன்றாம் வரிசைப் பதிப்புகளுக்கு உரியவை. பதிப்புக்குப் பதிப்பு சில இடங்கள் மாறலாம்.

பாடம் 1: கிடாருக்குச் சுருதி சேர்த்தல்

சுருதி சேராத கிடாரில் எந்தக் கார்டும் கார்டாக ஒலிக்காது. கிடாரை மடியில் வைத்திருக்கும்போது தரைப்பக்கம் இருக்கும் மெல்லிய கம்பி 1ம் கம்பி. முகத்துப் பக்கம் இருக்கும் தடித்த கம்பி 6ம் கம்பி. ஒவ்வொன்றும் ஒலிக்க வேண்டிய அதிர்வெண்:

6ம் கம்பி (ஈ): 82.41 ஹெர்ட்ஸ்
5ம் கம்பி (ஏ): 110 ஹெர்ட்ஸ்
4ம் கம்பி (டி): 146.83 ஹெர்ட்ஸ்
3ம் கம்பி (ஜி): 196 ஹெர்ட்ஸ்
2ம் கம்பி (பி): 246.94 ஹெர்ட்ஸ்
1ம் கம்பி (ஈ): 329.63 ஹெர்ட்ஸ்

ஆடாசிட்டியைத் திறந்து, ‘ஜெனரேட்’ மெனுவில் ‘டோன்’ என்பதைக் கிளிக் செய்யுங்கள். தோன்றும் டயலாக் பாக்ஸில் ‘வேவ்ஃபார்ம்’ என்ற இடத்தில் ‘சாடூத்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். ‘சைன்’ என்று விட்டுவிட்டால் 82 ஹெர்ட்ஸ் ஒலி லேப்டாப்பின் சிறிய ஸ்பீக்கரில் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. ‘ஃப்ரீக்வன்சி’யில் 110 என்றும், ‘ஆம்ப்ளிடியூட்’டில் 0.2 என்றும், நேரம் 30 விநாடி என்றும் கொடுத்து ஓகே செய்யுங்கள். இப்போது பிளே செய்தால் 5ம் கம்பிக்கான ஒலி கிடைக்கும். அதனுடன் கம்பியை மீட்டிக் கொண்டே முறுக்காணியைத் திருப்புங்கள். இரண்டும் நெருங்கும்போது ‘வவ்... வவ்...’ என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, ஒன்று சேர்ந்ததும் மறைந்துவிடும். இதேபோல் ஆறு கம்பிகளையும் சேருங்கள்.

சந்தேகம் இருந்தால் கம்பியின் ஒலியைப் பதிவு செய்து, இரண்டு விநாடியை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து, ‘அனலைஸ்’ மெனுவில் ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ என்பதைக் கிளிக் செய்யுங்கள். அதில் ‘சைஸ்’ 65536 என்று வையுங்கள். மவுஸைச் சிகரத்தின் அருகில் கொண்டு போனால் அதிர்வெண் எண்ணாகத் தெரியும். சில நேரம் 110க்குப் பதில் 220ல் பெரிய சிகரம் தெரியும். பயப்பட வேண்டாம். ஒரு கம்பி அதிரும்போது அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே எழும்.

பாடம் 2: கிடாரைத் தொடாமலே கார்ட் கட்டுதல்

விரல் பழகும் முன் காது பழக வேண்டும். ஆகவே ஏ6 கார்டை முதலில் கம்ப்யூட்டரிலேயே கட்டுவோம்.

1. ‘ஃபைல்’ மெனுவில் ‘நியூ’ கொடுத்துப் புதிய புராஜெக்ட் திறந்து கொள்ளுங்கள்.

2. ‘ட்ராக்ஸ்’ மெனுவில் ‘ஆட் நியூ’, அதில் ‘மோனோ ட்ராக்’ என்பதைக் கிளிக் செய்யுங்கள். ‘ஜெனரேட் - டோன்’ சென்று ஃப்ரீக்வன்சி 220, ஆம்ப்ளிடியூட் 0.2, நேரம் 10 விநாடி கொடுங்கள். இது ஸட்ஜமம்.

3. மீண்டும் ஒரு மோனோ ட்ராக். ஃப்ரீக்வன்சி 277.18. இது காந்தாரம்.

4. மூன்றாவது ட்ராக்: 329.63. இது பஞ்சமம்.

5. நான்காவது ட்ராக்: 369.99. இது தைவதம்.

பிளே செய்யுங்கள். கேட்பதுதான் ஏ6. ஆம்ப்ளிடியூட் ஏன் 0.2? நான்கு ட்ராக்குகள் சேரும்போது அளவுகள் கூடும். நான்கு 0.2 சேர்ந்தால் 0.8, எல்லை 1. எல்லையைத் தாண்டினால் ஒலியின் முனைகள் வெட்டுப்பட்டுக் கரகரப்பு வரும். இதற்குக் ‘கிளிப்பிங்’ என்று பெயர்.

இப்போது நான்காவது ட்ராக்கின் இடப்பக்கம் உள்ள ‘மியூட்’ பட்டனை அழுத்திக் கேளுங்கள். அது வெறும் ஏ மேஜர். மியூட்டை எடுங்கள், ஆறு. இனி ஐந்தாவதாக 392 ஹெர்ட்ஸில் ஒரு ட்ராக் சேர்த்து, நான்காவதை மியூட் செய்யுங்கள், அது ஏ7. மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டால் சற்று முன் சொன்ன இளைப்பாறுதலும் இழுப்பும் காதுக்கே புரியும்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். ஏ6 ஒலிக்கும் நிலையில் 110 ஹெர்ட்ஸில் ‘சாடூத்’ வடிவத்தில் ஒரு ட்ராக் சேருங்கள். பிறகு அதை மியூட் செய்து, 92.5 ஹெர்ட்ஸில் இன்னொன்று சேருங்கள். மேலே உள்ள நான்கு ஸ்வரங்களும் மாறவே இல்லை. ஆனால் முதலாவது நிம்மதியாகவும் இரண்டாவது ஏக்கமாகவும் கேட்கும். இரண்டாவதற்குப் பெயர் எஃப் ஷார்ப் மைனர் செவன்த். ஆறாம் கார்டுக்குள் ஒரு மைனர் கார்ட் ஒளிந்திருக்கிறது. அடியில் எந்த ஸ்வரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து முகம் மாறும். அதனால்தான் ஏ6 வாசிக்கும்போது 5ம் கம்பியின் ‘ஏ’ ஒலி தெளிவாகக் கேட்பது முக்கியம்.

பாடம் 3: விரல்களுக்கு வேலை

ஃப்ரெட் என்பதை வீணை வாசிப்பவர்கள் மெட்டு என்பார்கள். வீணையைப் போலவே கிடாரிலும் ஒரு மெட்டு நகர்ந்தால் ஓர் அரைச்சுரம் ஏறும்.

ஏ6: 6ம் கம்பியைத் தொட வேண்டாம். 5ம் கம்பி திறந்தபடி. 4, 3, 2, 1 ஆகிய நான்கு கம்பிகளையும் 2ம் மெட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து அழுத்துங்கள். அவ்வளவுதான்.

டி6: 6, 5 வேண்டாம். 4ம் கம்பி திறந்தபடி, 3ம் கம்பி 2ம் மெட்டு, 2ம் கம்பி திறந்தபடி, 1ம் கம்பி 2ம் மெட்டு.

ஈ6: 6ம் கம்பி திறந்தபடி, 5ம் கம்பி 2ம் மெட்டு, 4ம் கம்பி 2ம் மெட்டு, 3ம் கம்பி 1ம் மெட்டு, 2ம் கம்பி 2ம் மெட்டு, 1ம் கம்பி திறந்தபடி. நான்கு விரல்களும் தேவைப்படும்.

ஏ6 ஏன் இவ்வளவு எளிது? கிடாரின் 4, 3, 2, 1 கம்பிகளை எதையும் அழுத்தாமல் மீட்டினாலே டி, ஜி, பி, ஈ என்று ஒலிக்கும். இவை ஜி6 கார்டின் நான்கு ஸ்வரங்கள்! அதாவது கிடாரின் பாதி, பிறவியிலேயே ஆறாம் கார்டாகச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை அப்படியே இரண்டு மெட்டு ஏற்றினால் ஏ6. ஏழாம் மெட்டில் அழுத்தினால் டி6. ஒன்பதில் ஈ6. மேலே சொன்ன டி6, ஈ6 விரல் அமைப்பு சிரமமாக இருந்தால், முதல் இரண்டு வாரம் இந்த வழியிலேயே மூன்று கார்டுகளையும் ஒரே விரலில் வாசியுங்கள். உகுலேலே வாத்தியத்தின் வழக்கமான சுருதியும் இதே கதைதான்; அது சி6.

ஏழாம் கார்டுக்கு மாறுவதற்கும் ஒரு சூத்திரம்: தைவதம் ஒலிக்கும் கம்பியில் ஒரு மெட்டு ஏற்றினால் போதும். ஏ6ல் 1ம் கம்பியைச் சுண்டு விரலால் 3ம் மெட்டில் அழுத்தினால் ஏ7. டி6ல் திறந்திருக்கும் 2ம் கம்பியை 1ம் மெட்டில் அழுத்தினால் டி7. ஈ6ல் 2ம் கம்பியை 2லிருந்து 3ம் மெட்டுக்கு மாற்றினால் ஈ7. மூன்று இடத்திலும் நடப்பது ஒன்றுதான்: ‘த’ ஒரு படி ஏறி ‘நி’ ஆகிறது.

பாடம் 4: தகிட தாளமும் பன்னிரண்டு கட்டமும்

ப்ளூஸ் பாடல்களில் மிகப் பரவலான வடிவம் பன்னிரண்டு கட்டம். ஒரு கட்டத்துக்கு நான்கு அடி. மொத்தம் 48 அடி. கார்டுகளின் வரிசை:

1 முதல் 4 வரை: ஏ6 (4ம் கட்டத்தில் ஏ7)
5, 6: டி6
7, 8: ஏ6
9: ஈ6
10: டி6
11: ஏ6
12: ஈ7

4ம் கட்டத்தில் ஏ7 எதற்கு? அடுத்து வரும் டி கார்டுக்கு இழுத்துச் செல்லத்தான். 12ல் ஈ7 மறுபடி தொடக்கத்துக்கு இழுக்கும். மற்ற இடங்களில் ஆறு நிம்மதி தரும்.

தாளத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இதில் ஒவ்வொரு அடியையும் இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரிக்க வேண்டும். நமக்கு இது திஸ்ர நடை. வாயால் ‘தகிட தகிட தகிட தகிட’ என்று சொல்லுங்கள். அது ஒரு கட்டம். கையால் மீட்டும்போது ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் தட்டுங்கள், ‘கி’யை விட்டுவிடுங்கள். ப்ளூஸ்காரர்கள் ‘ஷஃபில்’ என்று சொல்லும் நடை இதுதான்.

இந்தத் தாளத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவோம். ‘ஜெனரேட்’ மெனுவில் ‘ரிதம் ட்ராக்’ என்பதைக் கிளிக் செய்யுங்கள். ‘டெம்போ’ 180, ‘பீட்ஸ் பெர் பார்’ 3, ‘நம்பர் ஆஃப் பார்ஸ்’ 192 என்று கொடுங்கள். மூன்று தட்டுகளில் முதல் தட்டு அழுத்தமாகக் கேட்கும், அதுதான் ‘த’. ஒரு ‘தகிட’வுக்குச் சரியாக ஒரு விநாடி. 48 ‘தகிட’ சேர்ந்தால் பன்னிரண்டு கட்டமும் ஒரு சுற்று, 48 விநாடி. 192 என்பது நான்கு சுற்று. கை பழகிய பிறகு டெம்போவை 240 ஆக்குங்கள். ஒரு சுற்று 36 விநாடியில் முடியும். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே 240க்குப் போக வேண்டாம்.

ஏ6 முழுதாக மீட்டுவதற்கு முன் அதன் எலும்புக்கூட்டைப் பழகுங்கள். 5ம் கம்பியைத் திறந்தும், 4ம் கம்பியை 2ம் மெட்டில் அழுத்தியும் இரண்டையும் சேர்த்து ‘த-ட’ என்று இரு முறை மீட்டுங்கள். பிறகு மோதிர விரலால் 4ம் கம்பியை 4ம் மெட்டில் அழுத்தி அதேபோல் இரு முறை. இப்படி ப, ப, த, த என்று பஞ்சமமும் தைவதமும் மாறி மாறி வரும். டி கட்டத்தில் இதையே 4, 3ம் கம்பிகளிலும், ஈ கட்டத்தில் 6, 5ம் கம்பிகளிலும் செய்யுங்கள். மெட்டு எண்கள் மாறாது. பியானோவின் இடது கை வேலையாக இருந்த இந்த நடை கிடாருக்கு வந்து, ப்ளூஸின் நாடித்துடிப்பாகவே ஆகிவிட்டது.

இதில் கை ஓடிய பிறகு டி-போன் வாக்கர் என்ற முன்னோடியின் கிடாரில் புகழ் பெற்ற ஒரு சறுக்கலைச் சேர்க்கலாம். ஈ கட்டத்தில் 6ம் கம்பியைத் தனியாக ஒருமுறை மீட்டிவிட்டு, 3, 2, 1 கம்பிகளை மட்டும் 9ம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். விரலை எடுக்காமல் 7ம் மெட்டுக்குச் சறுக்குங்கள். ஈ6 ஒலி ஈ9 ஆக உருகும். டி கட்டத்தில் 7லிருந்து 5. ஏ கட்டத்தில் 2ம் மெட்டில் மீட்டிவிட்டு விரலை எடுத்துத் திறந்த கம்பிகளை மீட்டினாலே போதும்.

பாடம் 5: பதிவு செய்து கேட்டல்

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். வாசிக்கும்போது நம் கவனம் விரலில் இருக்கும். காது பாதி மூடியிருக்கும். பதிவு செய்து கேட்டால்தான் எந்தக் கம்பி ‘டப்’ என்று அடைபட்டது, எந்தக் கட்டத்தில் தாளம் ஓடிப் போனது என்று தெரியும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்கு இதுதான் ஆசிரியர்.

1. லேப்டாப்பில் உள்ள மைக்கே தொடக்கத்துக்குப் போதும். ஒலி பதிவாகவில்லை என்றால் விண்டோஸ் 11ல் ‘செட்டிங்ஸ் - பிரைவசி அண்ட் செக்யூரிட்டி - மைக்ரோபோன்’ சென்று அனுமதி ‘ஆன்’ ஆகியுள்ளதா என்று பாருங்கள்.

2. மைக் கிடாரின் நடு ஓட்டைக்கு நேராக இருந்தால் ஒலி ‘ஓம்’ என்று அடிக்கும். 12ம் மெட்டுக்கு நேராக, ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் தூரத்தில் இருக்கட்டும்.

3. தாள ட்ராக்கை ஹெட்போனில் கேட்டுக் கொண்டே வாசியுங்கள். ஸ்பீக்கரில் ஒலித்தால் அதையும் மைக் பதிவு செய்துவிடும். புதிய ட்ராக்கில் பதிவு தொடங்க ஷிஃப்ட் கீயுடன் ‘ஆர்’ கீயை அழுத்துங்கள்.

4. பதிவு அளவைக் காட்டும் மீட்டரில் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

5. வாசித்தது தாளத்திலிருந்து முழுக்க முழுக்க ஒரே அளவு தள்ளித் தெரிந்தால் தவறு உங்களுடையது அல்ல. ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வர எடுக்கும் தாமதம் அது. ‘லேட்டன்சி’ என்பார்கள். பதிவான பகுதியின் மேல்பட்டையை மவுஸால் பிடித்து இழுத்துச் சரி செய்து கொள்ளலாம். சில இடத்தில் மட்டும் தள்ளிப் போயிருந்தால் அதுதான் நீங்கள் பயிற்சி செய்ய வேண்டிய இடம்.

செட்டிநாட்டு வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், கண்ணாடி போல் பூசிய சுவரும், உயரமான கூரையும் உள்ள வளவில் உட்கார்ந்து வாசித்தால் காதுக்கு ராஜ விருந்தாக இருக்கும். ஆனால் ஒலி சுவருக்குச் சுவர் முட்டித் திரும்புவதால் பதிவில் ஒரு கார்டின் மேல் அடுத்த கார்ட் ஏறிக் குழம்பும். தவறும் மறைந்து போகும். வாசித்து மகிழ வளவு. பதிவு செய்ய மெத்தையும் துணியும் அடுக்கிய சின்ன அறை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் அந்த வழியாக நுழைவது உண்டு.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

ப்ளூஸ் பாடல் ஒன்றைக் கேட்டுக் கற்க வேண்டும். வேகமாக இருக்கிறதே?

ஃபைலை ஆடாசிட்டியில் திறந்து முழுவதையும் தேர்வு செய்து, ‘எஃபெக்ட்’ மெனுவில் ‘பிட்ச் அண்ட் டெம்போ’, அதில் ‘சேஞ்ச் டெம்போ’ சென்று -30 என்று கொடுங்கள். மூன்று நிமிடப் பாடல் சுமார் 4 நிமிடம் 17 விநாடியாக நீளும், சுருதி மாறாது. அருகில் உள்ள ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ என்பதைத் தொட வேண்டாம். அது பழைய டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்தது போல் சுருதியையும் இறக்கிவிடும்.

பதிவுகள் ஹார்ட் டிஸ்க்கை அடைத்துவிடுமா?

சி.டி. தரத்தில் ஸ்டீரியோ வேவ் ஃபைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. எடுக்கும். மோனோ என்றால் பாதி. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 1 எம்.பி. பயிற்சிப் பதிவுகளுக்கு எம்பி3 போதும். ‘ஃபைல் - எக்ஸ்போர்ட்’ வழியாக மாற்றிக் கொள்ளுங்கள். ஃபைல் பெயரில் தேதியைச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஏ6ல் 3ம் கம்பி மட்டும் ஒலிக்கவில்லையே?

விரல் மடிப்பின் பள்ளம் அந்தக் கம்பியில் விழுகிறது. விரலைச் சற்று மேலேயோ கீழேயோ தள்ளி, மெட்டை ஒட்டினாற்போல் அழுத்துங்கள். பலம் கூட்டுவதைவிட இடம் மாற்றுவதே பலன் தரும். விரல் நுனி வலித்தால் அன்று நிறுத்திவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

20 நிமிடம் போதும். முதல் வாரம் சுருதி சேர்ப்பதும் ஏ6ம். இரண்டாம் வாரம் டி6, ஈ6 மாற்றங்கள். மூன்றாம் வாரம் 180 டெம்போவில் பன்னிரண்டு கட்டம். நான்காம் வாரம் ஏழாம் கார்டுகளும் சறுக்கலும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே ஒரு சுற்றைப் பதிவு செய்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

நான்கு ஞாயிறு கழிந்ததும் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் ஒரே புராஜெக்டில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து, ‘சோலோ’ பட்டனை மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். வேறு யாருடைய வாசிப்போடும் ஒப்பிட வேண்டாம். உங்கள் முதல் வாரம்தான் உங்களுக்கு அளவுகோல். அந்த இரண்டு பதிவுகளுக்கும் வித்தியாசம் கேட்டுவிட்டால், அதன் பிறகு கிடார் பீரோவுக்கு மேலே ஏறாது.